லாஸ் வேகாஸ் பழைய படங்கள்: நியான் வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கும் ஊரை எப்படி அடையாளம் காண்பது?

#1 · வெள்ளிஉப்பு

வகைப்படுத்த வந்திருக்கும் ஒரு பெட்டியைப் பற்றிய கேள்வி. லாஸ் வேகாஸ் மக்களின் அன்றாட வாழ்க்கைப் படங்கள்: 4×5 அங்குல நெகடிவ் 60, 8×10 பிரிண்ட் 50, 35 மி.மீ. ஸ்லைடு 30. கேசினோவுக்குள் எடுத்தவை ஏழெட்டுதான். மீதியெல்லாம் ஊர்வலம், பள்ளிக்கூடம், தேவாலயச் சாப்பாடு, தொழிற்சங்கக் கூட்டம். பாதிக்குப் பின்பக்கக் குறிப்பு இல்லை. இருக்கிற பாதியையும் நம்ப முடியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். 8×10, கறுப்பு வெள்ளை. ஃபிரீமான்ட் தெரு நடுவே நின்று ரயில் நிலையம் பார்த்து எடுத்தது. குதிரை வண்டி, அலங்கார ஊர்தி, நடைபாதை ஓரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஆண்களில் பாதிப்பேர் தாடியோடு, கௌபாய் உடையில். இடப்பக்கம் பெரிய பலகை ஒன்றில் ‘1905’ என்று தெளிவாகத் தெரிகிறது. பின்னால் யாரோ பென்சிலில் ‘1905, நகரத் தொடக்க விழா’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் தெருவில் நிற்கும் கார்கள் 1905-ஐச் சேர்ந்தவை இல்லை!

ஆண்டு, இடம், ஸ்கேன், பாதுகாப்பு, இணையத்தில் போடும் உரிமை: ஐந்திலும் உதவி தேவை.

#2 · தெருவிளக்கு

பென்சில்ல எழுதினவரு பலகையைப் படிச்சாரு, படத்தைப் பாக்கல. அந்த ‘1905’ கோல்டன் நக்கெட் கேசினோவோட பலகை. கேசினோ தொறந்தது 1946. ஊரு பொறந்த வருஷத்தைத் தன் பலகையில போட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான். 1905 மே 15-ல ரயில் கம்பெனி மனை ஏலம் விட்டப்போ அந்த இடத்துல மண்ணும் கூடாரமும்தான். இந்த ஒரு பலகையால தப்பா தேதி போட்ட படங்கள் ஏராளம்.

தாடியும் கௌபாய் உடையும் அடுத்த பொறி. அது ஹெல்டொராடோ விழா. 1935-ல ஆரம்பிச்சது, எல்க்ஸ் சங்கம் நடத்துனது, பெரும்பாலும் மே மாசம். விழாவுக்கு முன்னாடி ஊர் ஆம்பளைங்க தாடி வளர்க்கணும். வளர்க்காம மழமழன்னு வந்தா விளையாட்டுக் கோர்ட்டுல அபராதம் போடுவாங்க. பேங்க் மேனேஜர், பல் டாக்டர், மளிகைக் கடைக்காரர் எல்லாரும் அப்படித்தான் நிப்பாங்க. உடையை வெச்சு ஆண்டு சொல்லவே கூடாது. காலைப் பாருங்க, ஷூ காட்டிக் குடுத்துரும்.

உங்க படத்துக்கு ஆண்டைக் குறுக்குற வழி இது.

தெருக்கோடி ரயில் நிலையத்துல ஆரம்பிங்க. ஓடு வேய்ஞ்ச, வளைவு முகப்பு வெச்ச ஸ்பானிய மாதிரிக் கட்டடம்னா 1940-க்கு முன்னாடி. வழவழன்னு வளைஞ்ச, நேர்க்கோட்டு நவீனக் கட்டடம்னா 1940-லேருந்து 1970 வாக்குல. அங்க உயரமா ஒரு ஹோட்டல் நின்னா 1971-க்கு அப்புறம், அது யூனியன் பிளாசா. தெருவுக்கு மேல வளைவுக் கூரை இருந்தா 1995 அல்லது பிற்பாடு.

அடுத்தது பயனியர் கிளப் மேல நிக்கிற வேகாஸ் விக், 40 அடி கௌபாய் நியான் உருவம். அவன் இருந்தா 1951-க்கு முன்னாடி இல்ல. ஹார்ஸ்ஷூ கேசினோ பலகையும் 1951-லதான் வருது. மின்ட் கேசினோ தொறந்தது 1957. ஃபிரீமான்ட் ஹோட்டல் 1956 மே 18. எது இருக்கு, எது இல்லன்னு ரெண்டு பத்தி போட்டு எழுதுங்க. இருக்கிறது கீழ் எல்லை, இல்லாதது மேல் எல்லை. ஆனா ‘இல்லாதது’ன்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்த இடம் படச் சட்டத்துக்குள்ள வருதான்னு பாத்துக்கணும். இங்கதான் எல்லாரும் சறுக்குறது.

#3 · ரயிலடி

தெருவிளக்கு சொன்னதோடு திசையையும் சேர்க்க வேண்டும். ரயில் நிலையத்தைப் பார்த்து நின்றால் பயனியர் கிளப்பும் கோல்டன் நக்கெட்டும் இடக்கைப் பக்கம். ஹார்ஸ்ஷூ, மின்ட் வலக்கைப் பக்கம். முதல் கேள்வியில் ‘1905’ இடப்பக்கம் என்று இருப்பதால் படம் நேராகத்தான் அச்சாகியிருக்கிறது.

நிழலை வைத்து நேரம் கணக்கிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேச்சு வழக்கில் ஃபிரீமான்ட் தெரு கிழக்கு மேற்காக ஓடுவதாகச் சொல்வார்கள். உண்மையில் பழைய நகரத்தின் தெருக்கட்டம் ரயில் பாதைக்கு இணையாகப் போடப்பட்டது. அதனால் கட்டம் முழுக்க ஏறக்குறைய 30 டிகிரி திரும்பியிருக்கிறது. நிலையம் பார்த்து நிற்பவர் உண்மையில் வடமேற்குப் பார்த்து நிற்கிறார். சூரியக் கணிப்பு மென்பொருளில் ‘மேற்கு’ என்று கொடுத்தால் நேரம் சில மணி பிசகிவிடும். காலை ஊர்வலம் மதியம் ஆகிவிடும்.

கார்களும் கீழ் எல்லை மட்டுமே. அமெரிக்காவில் 1955 மாடல் கார் 1954 இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். தெருவில் இருப்பதிலேயே புதிய காரைத் தேடுங்கள். பழைய கார் எதையும் சொல்லாது.

#4 · வெள்ளிஉப்பு

நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்ததில்: விக் இருக்கிறான், ஹார்ஸ்ஷூ இருக்கிறது, நிலையம் நவீனக் கட்டடம், மின்ட் நிற்க வேண்டிய இடம் சட்டத்துக்குள் வருகிறது, பலகை இல்லை. புதிய கார் 1955 மாடல். ஃபிரீமான்ட் ஹோட்டல் கேமராவுக்குப் பின்னால் போய்விடுகிறது.

#5 · தெருவிளக்கு

அப்போ 1955 மே அல்லது 1956 மே. மின்ட் 57-ல தொறந்ததால 57 மே மாசத்தை முழுசா ஒதுக்க முடியாது, ஆனா அந்த இடத்துல கட்டட வேலை நடக்குற சாரம் ஏதும் தெரியலன்னா ஒதுக்கலாம். ‘1955–1956, ஹெல்டொராடோ ஊர்வலம்’னு எழுதிட்டு, எதை வெச்சு அப்படிச் சொல்றோம்னு அடுத்த வரியில எழுதுங்க. ‘சுமார் 1955’னு மட்டும் விட்டுட்டா அடுத்து வர்றவருக்கு அது கணிப்பா பழங்குறிப்பான்னு புரியாது.

அலங்கார ஊர்தியில எந்த ஹோட்டல் பேரு இருக்குன்னும் பாருங்க. ஸ்ட்ரிப் (நகர மையத்துக்குத் தெக்கே இருக்கிற கேசினோ சாலை) ஹோட்டல்கள் போட்டி போட்டு ஊர்தி விடுவாங்க. ரிவியேரா, டூன்ஸ் ரெண்டும் 1955-ல தொறந்தது. பேரு இருந்தா கீழ் எல்லை இன்னும் இறுகும்.

#6 · படிகம்

ஊர்தியையும் பலகையையும் பார்த்தாயிற்று. நடைபாதையில் நிற்பவர்களையும் பார்க்கலாமா?

1955 ஃபிரீமான்ட் தெருவில் கறுப்பின மக்கள் ஊர்வலம் பார்க்க நிற்கலாம். ஆனால் அந்தப் பலகைகளுக்குக் கீழே இருக்கும் கதவைத் தாண்டி விளையாடவோ சாப்பிடவோ முடியாது. 1940-களில் அவர்களுடைய கடைகளுக்கு நகர மையத்தில் உரிமம் கிடைக்காமல் போய், ரயில் பாதைக்கு அப்பால் வெஸ்ட்சைடுக்குத் தள்ளப்பட்டார்கள். ஜாக்சன் தெரு அங்கே தனியொரு கடைத்தெருவாக வளர்ந்தது. ஸ்ட்ரிப்பில் மேடையேறிப் பாடிய கறுப்பினக் கலைஞர்கள் ராத்திரி தங்கியது வெஸ்ட்சைட் வீடுகளில். எஃப் தெருவில் இருக்கும் ஹாரிசன் விருந்தினர் இல்லம் அப்படிப்பட்ட ஒன்று. பெரிய ஹோட்டல்களில் நிறத் தடை நீங்கியது 1960 மார்ச் 26-ல், வெஸ்ட்சைடின் மூலான் ரூஜ் ஹோட்டலில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு.

இதனால் படம் வகைப்படுத்துபவருக்கு என்ன வேலை? மூன்று வேலை.

தேவாலயச் சாப்பாட்டுப் படம், சங்கக் கூட்டப் படம் எல்லாவற்றையும் ‘லாஸ் வேகாஸ்’ என்று ஒரே கட்டில் போடாதீர்கள். மண் சாலை, ஓரத்தில் நடைபாதை இல்லாத வீட்டு வரிசை என்றால் அது 1940-50-களின் வெஸ்ட்சைடாக இருக்க நல்ல வாய்ப்பு. ஒரே மாதிரியான தாழ்ந்த கூரை வீடுகள் புதிதாக நின்றால் பெர்க்லி சதுக்கமா என்று பாருங்கள். 148 வீடுகள், 1950-களின் நடுவில், கறுப்பினக் கட்டடக்கலைஞர் பால் ஆர். வில்லியம்ஸ் வடிவமைத்தது.

மூலான் ரூஜ் பலகை தெரிந்தால் உடனே 1955 என்று எழுதாதீர்கள். 1955 மே 24-ல் திறந்து அதே ஆண்டு நவம்பரில் மூடியது, உண்மைதான். ஆனால் கட்டடமும் பலகையும் பல பத்தாண்டுகள் நின்றன. முகப்பில் நீளமான கார் வரிசையும் விளக்கும் இருந்தால் ஒரு கதை. ஓடாத கடிகாரம் போல வெறிச்சென்று நின்றால் வேறு கதை.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க எங்கே போவது என்பது. நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் வளாக நூலகத்தில் கிளின்டன் ரைட் சேகரிப்பு இருக்கிறது. 1960-களின் வெஸ்ட்சைட் வாழ்க்கையை உள்ளே இருந்து எடுத்தவர். கல்யாணம், கடை, வாக்காளர் கூட்டம், பிள்ளைகள். அந்தத் தெருமுனைகளோடு உங்கள் படத்தை வைத்துப் பார்த்தால் பல இடம் தானாக அவிழும்.

#7 · கூழாங்கல்

ஒரு மாற்றுக் கருத்து. விளம்பரப் படங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். இந்த ஊரின் 1950-களை நாம் இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடிவதே லாஸ் வேகாஸ் நியூஸ் பீரோவால். வணிகர் சங்கம் 1940-களின் கடைசியில் தொடங்கிய நிறுவனம் அது. முழு நேரப் படக்காரர்கள். சுற்றுலாப் பயணியைப் படம் எடுத்து, அந்தப் பயணியின் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கே அனுப்புவார்கள். 4×5 ஸ்பீட் கிராஃபிக் கேமராவில் எடுத்ததால் ஒரு நெகடிவில் இருக்கும் விவரம் இன்றைக்கும் வியப்பு.

#8 · படிகம்

விவரம் இருக்கிறது, மறுக்கவில்லை. யாருடைய விவரம் என்பதுதான் பிரச்சினை. பீரோவின் டான் இங்லிஷ் 1957-ல் எடுத்த ‘மிஸ் அணுகுண்டு’ படம் எல்லோருக்கும் தெரியும்: நடன மங்கை, நீச்சலுடை மேல் பஞ்சில் வெட்டி ஒட்டிய காளான் மேகம். அதே ஊரிலிருந்து சுமார் 105 கிலோமீட்டரில் 1951 ஜனவரியிலிருந்து நிஜக் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. பஞ்சு மேகம் உலகம் முழுக்கப் போனது. அதிகாலை வெளிச்சத்தில் விழித்த வீட்டுக்காரர்களின் படம் எத்தனை அச்சேறியது?

#9 · கூழாங்கல்

அதற்கும் பீரோ படத்திலேயே வழி இருக்கிறது என்பதுதான் என் வாதம். சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நட்சத்திரம், வலது மூலையில் தட்டு எடுத்துப் போகும் பணியாளர். நீச்சல் குளத்தில் மிதக்கும் சூதாட்ட மேசை, கரையில் துண்டு மடிக்கும் பெண். பத்திரிகைக்கு அனுப்பிய பிரிண்டில் அந்த ஓரம் வெட்டப்பட்டிருக்கும். நெகடிவில் வெட்டுப்படாது. ஆகவே பிரிண்ட், நெகடிவ் இரண்டும் இருந்தால் இரண்டையும் முழுதாக ஸ்கேன் செய்யுங்கள், ‘டூப்ளிகேட்’ என்று ஒன்றைத் தள்ளாதீர்கள். வெட்டுக்கோடு எங்கே விழுந்தது என்பதே ஒரு தகவல்.

#10 · படிகம்

இதில் உடன்பாடு. பணியாளரை ‘அடையாளம் தெரியாதவர்’ என்று விடாமல் ‘தட்டு ஏந்திய பணியாளர், வலது ஓரம்’ என்றாவது எழுத வேண்டும். சமையல் பணியாளர் சங்கம், கிளை 226, 1935-லிருந்து இருக்கிறது. உடையை வைத்து எந்த ஹோட்டல் என்று சொல்லக்கூடிய ஓய்வுபெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடுபொறியில் சொல் இருந்தால்தானே அவர்கள் கண்ணில் படும்?

அதே மாதிரி இந்த மண்ணின் பூர்வகுடிகளான பாயூட் மக்கள். 1911-ல் ஹெலன் ஸ்டுவர்ட் கொடுத்த 10 ஏக்கரில் அவர்களுடைய குடியிருப்பு நகர மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஹெல்டொராடோ ஊர்வலப் படங்களில் அவர்கள் வந்தாலும் பழைய குறிப்புகள் ஊர்தியின் பெயரை மட்டும் சொல்லும்.

#11 · அசிட்டேட்

படத்தில் இருப்பதைப் பேசிவிட்டீர்கள். படம் எதில் இருக்கிறது என்பதும் தேதி சொல்லும். இதுதான் முதலில் செய்ய வேண்டியதும்கூட, ஏனென்றால் அந்த 60 நெகடிவில் நைட்ரேட், அதாவது எளிதில் தீப்பற்றும் பழைய வகை ஃபிலிம், கலந்திருந்தால் அதைத் தனியாகப் பிரித்த பிறகுதான் மற்ற வேலை.

தாள் நெகடிவின் மூலையில் வெட்டுக் குறிகள் இருக்கும். கோடாக் தாள்களில் 1949-க்கு முந்தையவை என்றால் ஓரத்திலிருந்து முதல் குறியைப் பாருங்கள்: ‘வி’ வடிவம் நைட்ரேட், ‘யு’ வடிவம் அசிட்டேட், அதாவது ‘சேஃப்டி’ ஃபிலிம். ஓரத்தில் ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ என்று அச்சிட்டிருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் நைட்ரேட் படத்தைச் சேஃப்டி ஃபிலிமில் நகல் எடுத்திருந்தால் பழைய ஓர எழுத்தும் நகலில் விழும். அந்த எழுத்து தெளிவில்லாமல், படத்தின் பகுதி மாதிரித் தெரியும். பழைய பாணியில் துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம்.

நைட்ரேட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருக்கிறது, பற்றினால் மூடி அணைக்க முடியாது. வெயிலில் காரில் வைக்காதீர்கள். சாதாரணத் தபாலில் அனுப்புவது சட்டப்படியும் தவறு, அது அபாயச் சரக்கு.

அசிட்டேட் என்றால் மோந்து பார்ப்பதை விட்டு, அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி பட்டை வாங்குங்கள். பெட்டிக்குள் வைத்து மூடி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம். நீலமாகவே இருந்தால் நலம். பச்சை என்றால் அழிவு தொடங்கிவிட்டது. மஞ்சள் என்றால் ஃபிலிம் சுருங்கி, எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) அடியிலிருந்து பிரிந்து கால்வாய் கால்வாயாக எழும்பும் கட்டம். பட்டையின் நிற அளவுகோலில் 1.5 தாண்டினால் அமிலம் அமிலத்தையே வளர்க்கும், வேகம் கூடிக்கொண்டே போகும். 2 வந்துவிட்டால் உறைநிலைப் பெட்டிதான்.

பிரிண்டுகளுக்கு: வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் அது கழுவிய தேதி, எடுத்த தேதி இல்லை. மே ஊர்வலம் கேமராவிலேயே கிடந்து டிசம்பரில் கழுவப்படுவது சகஜம். தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும் பிரிண்ட் என்றால் 1960-களின் கடைசிக்கு முன் அச்சிட்டது இல்லை, படம் 1930-ஐச் சேர்ந்ததாக இருந்தாலும் சரி. கலர் பிரிண்ட் சிவந்துபோயிருந்தால் சயான் சாயம் இருட்டிலேயே மங்கிவிட்டது. ஸ்லைடில் கோடாக்குரோம் இருட்டில் நன்றாகத் தாங்கும், ஆனால் புரொஜெக்டர் வெளிச்சம் அதற்கு ஆகாது. போட்டுக் காட்ட ஆசைப்படாதீர்கள்.

#12 · ரயிலடி

பின்பக்க முத்திரைகளையும் சேர்க்கிறேன். பத்திரிகை அலுவலகத் தேதி முத்திரை என்பது வெளியிட்ட தேதி. ஒரே பிரிண்டில் மூன்று தேதி இருந்தால் மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறார்கள், எடுத்த நாள் முதலாவதற்கு முன். முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963-க்கு முன் இல்லை. தொலைபேசி எண் இரண்டு எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 1960-களுக்குள். ‘ஐந்தாம் தெரு’ என்று இருந்தால் 1959-க்கு முந்திய வழக்கு, அந்த ஆண்டுதான் அது லாஸ் வேகாஸ் பூல்வார் ஆனது. ஆனால் ஊர்க்காரர்கள் பழைய பெயரை எளிதில் விடவில்லை, எழுதியவர் வயதானவர் என்றால் ஏமாற்றும்.

#13 · வேப்பமரம்

பாதுகாப்பு பற்றி. நம்ம ஊர் ஈரத்துக்கும் பூசணத்துக்கும் சொல்லுற அறிவுரையை அப்பிடியே இதுக்குக் கொண்டு வராதேங்கோ. பாலைவனத்தில் சிக்கல் மறுபக்கம். காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே கிடக்கும். ஜெலட்டின் சுருங்கி, பிரிண்ட் குழாய் போலச் சுருண்டு நிக்கும். அதை விரலால் விரிச்சால் எமல்ஷன் மெல்லிய வெடிப்பாக வெடிக்கும், அது திரும்ப ஒட்டாது. கோடையில் கார் கொட்டகைக்குள்ள வைச்ச பெட்டிக்கு 45 பாகை செல்சியஸுக்கு மேலே சூடு.

இதில் ஒரு வேடிக்கை என்னெண்டால், இவ்வளவு வறண்ட ஊரில் ஒண்டோடொண்டு ஒட்டின பளபளப்புப் பிரிண்டுகளும் கிடைக்கும். காரணம் பழைய வீடுகளில் இருந்த தண்ணிக் கூலர். வெளியே எலும்பு காயும், வீட்டுக்குள்ள கூலர் ஈரத்தை ஏத்திக்கொண்டே இருக்கும். கூலர் வாய்க்கு நேரே இருந்த அலுமாரியில் ஜெலட்டின் இளகி, பிறகு குளிர்காலத்தில் காய்ஞ்சு, பசை போட்ட மாதிரிப் பிடிச்சிடும். பெட்டியின் ஒரு பக்கம் சுருளும் மறுபக்கம் ஒட்டலும் இருந்தால் ஆச்சரியப்படாதேங்கோ.

சுருண்டதை விரிக்க: பெரிய மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ஈரத் தாள், அதுக்கு மேலே கம்பி வலைத் தட்டு, தட்டில் பிரிண்ட். தண்ணி தொடக்கூடாது. மூடி 4 தொடக்கம் 8 மணித்தியாலம், ஒவ்வொரு மணித்தியாலமும் பாருங்கோ. தானாகத் தளர்ந்தவுடன் எடுத்து, இரண்டு ஒத்துத்தாளுக்கு நடுவே, எமல்ஷன் பக்கம் சிலிக்கன் தாள் வைச்சு, தட்டையான பாரத்தின் கீழ் இரண்டு நாள். ஒரு இரவு முழுக்கத் தொட்டியில் மறந்து விட்டால் பூசணம் வரும். கைவண்ணம் தீட்டின படம், மை எழுத்துள்ள படம் இதுக்குள்ள போகக்கூடாது. ஒட்டினதைப் பிரிக்கிற வேலை உங்களுடையது இல்லை, பழுதுபார்ப்பு தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ. பிரிக்காமல் மேல்பக்கத்தை ஸ்கேன் பண்ணி வைச்சாலே போதும்.

உறைய வைக்கிறது: நெகடிவைக் கடதாசி உறையில், உறையைப் பெட்டியில், பெட்டியை ஜிப் பையில், பைக்குள்ள ஈரப்பதம் காட்டுற அட்டை, அதுக்கு வெளியே இன்னொரு ஜிப் பை. பனி படியாத வீட்டு உறைபெட்டி, மறை 18 பாகை. வெளியே எடுத்தால் 24 மணித்தியாலம் பையைத் திறக்கக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த ஃபிலிமில் தண்ணி கோர்க்கும், அதோட சரி.

#14 · கூழாங்கல்

1970-களின் ஒட்டும் பக்க ஆல்பம் இருந்தால்? பிளாஸ்டிக் தாள் மூடிய வகை.

#15 · வேப்பமரம்

முதலில் பக்கத்தை முழுசாக ஸ்கேன் பண்ணுங்கோ, எது எதுக்குப் பக்கத்தில் இருந்தது எண்டதும் தகவல். பிறகு பல் இடுக்கு நூலை மூலையில் நுழைச்சு, அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு போங்கோ. படத்தைத் தூக்காதேங்கோ, பக்கத்தைத்தான் வளைக்கோணும். ஹேர் டிரையர் பிடிக்கிற யோசனை இணையமெல்லாம் கிடக்கு. பசை இளகி பிரிண்டுக்குள்ளேயே ஊறும். செய்யாதேங்கோ. திரும்ப வைக்கிறதுக்கு பாலியெஸ்டர் உறை. பிவிசி வாசம் வந்தால் அந்த உறையைத் தூக்கி எறியுங்கோ.

#16 · டிஃப்_மணி

ஸ்கேன் கணக்கு.

4×5 நெகடிவ்: அங்குலத்துக்கு 2000 புள்ளி, 16 பிட் சாம்பல். 8000×10000, கோப்பு 160 எம்பி.
8×10 பிரிண்ட்: 600 புள்ளி, 16 பிட் சாம்பல், 58 எம்பி. பின்பக்கம் 300 புள்ளி, 8 பிட் கலர், 22 எம்பி. பின்பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சிலும் நீல முத்திரையும் ஒன்றாகிவிடும்.
35 மி.மீ. ஸ்லைடு: 4000 புள்ளி, 16 பிட் கலர், 130 எம்பி சுமார். ஸ்லைடு அட்டையையும் தனியாக ஒரு படம்.

உங்கள் பெட்டி மொத்தமும் 18 ஜிபிக்குள் அடங்கும். டிஃப் மூலம் ஒன்று, ஜேபெக் நகல் ஒன்று. மூலத்தில் எந்தத் திருத்தமும் கூடாது: கீறல் நீக்கம், கூர்மை, தானியங்கி வெளிச்சம் எல்லாம் ‘ஆஃப்’. அகச்சிவப்புத் தூசி நீக்கத்தை வெள்ளி நெகடிவுக்கு, அதாவது கறுப்பு வெள்ளைக்கு, போட்டால் வெள்ளியையே தூசி என்று நினைத்து முகத்தைத் தின்னும். கோடாக்குரோமிலும் அதே மாதிரிக் கோளாறு வரும்.

எல்லோரும் அடிக்கடி செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, கண்ணாடியில் நெகடிவ் நேராகத் தொட்டால் வானவில் வளையம் விழும். ஹோல்டரில் தூக்கி வையுங்கள். இன்னொன்று, ஃபிலிம் ஓரத்தை வெட்டி ஸ்கேன் செய்வது. வெட்டுக் குறி, ஓர எழுத்து, எண் எல்லாம் சட்டத்துக்குள் வர வேண்டும்.

கோப்புப் பெயரில் ‘ஊர்வலம்_தாடி’ என்றெல்லாம் வேண்டாம். சேகரிப்பு எண், பெட்டி, உருப்படி, முன் அல்லது பின். விவரம் தகவல் கட்டத்தில்.

#17 · கலர்பிரியன்

கறுப்பு வெள்ளையை ஏஐ வைத்து கலர் ஆக்கிப் போட்டால் இளைஞர்கள் பார்ப்பார்களே?

#18 · தெருவிளக்கு

நியான் கலரை அது எங்கேருந்து கண்டுபிடிக்கும்? கறுப்பு வெள்ளையில சிவப்பு நியானும் பச்சை நியானும் ஒரே சாம்பல். அது ஏதோ ஒரு கலர் பூசும், மூணு வருஷம் கழிச்சு யாராவது அதை ஆதாரம்னு எடுத்துக்கிட்டுப் பலகையை மறுபடி செய்வாங்க. போடணும்னா படத்து மேலேயே ‘கலர் பின்னால் சேர்த்தது’ன்னு எழுதுங்க. தலைப்புல எழுதினா பகிரும்போது விழுந்துரும்.

#19 · படிகம்

பழைய தலைப்புரை பற்றி. பின்பக்கம் தட்டச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். அதில் இன்று எழுதக் கூசும் இனப்பெயர் இருக்கலாம், பெண்களுக்குச் சொந்தப் பெயரே இல்லாமல் ‘திருமதி இன்னார்’ என்று கணவர் பெயர் மட்டும் இருக்கலாம். திருத்தாதீர்கள், மறைக்காதீர்கள். அதை ‘மூலத் தலைப்புரை’ என்ற கட்டத்தில் எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ‘விவரிப்பு’ என்ற வேறு கட்டத்தில் இன்றைய மொழியில் நீங்கள் காண்பதை எழுதுங்கள். தேடல் இரண்டாவதில் நடக்கட்டும்.

சங்கப் படங்களுக்கும் இதேதான். 1971 மார்ச் 6-ல் ரூபி டங்கன் தலைமையில் உதவித்தொகை வெட்டுக்கு எதிராகத் தாய்மார்கள் ஸ்ட்ரிப்பில் நடந்து சீசர்ஸ் பேலஸுக்குள் போனார்கள். அந்தப் படங்களைப் ‘போக்குவரத்து இடைஞ்சல்’ என்று தலைப்பிட்டுக் கோப்பில் போட்டால், தேடுபவருக்குக் கிடைக்காது. ஃபிரான்டியர் ஹோட்டல் வேலைநிறுத்தம் 1991 செப்டம்பரிலிருந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஓடியது. மறியல் வரிசைப் படத்தில் ஆண்டு சொல்ல ஆடை போதாது, பதாகையில் நாள் எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

#20 · ரயிலடி

உரிமை பற்றி யாரும் தொடவில்லை. பெட்டி கையில் இருப்பது வேறு, காப்புரிமை வேறு. பிரிண்டை வாங்கியவருக்குத் தாள்தான் சொந்தம்.

அமெரிக்கச் சட்டப்படி: வெளியாகி 95 ஆண்டு முடிந்தவை பொதுச் சொத்து. 1964-க்கு முன் வெளியாகி, 28-ஆம் ஆண்டில் புதுப்பிக்காமல் விட்டவையும் பொதுச் சொத்து, ஆனால் புதுப்பித்ததா என்று பதிவேட்டில் தேடியாக வேண்டும். 1978-க்கு முன் காப்புரிமைக் குறிப்பே இல்லாமல் வெளியானவையும் அப்படியே. வெளியாகவே வெளியாகாத குடும்ப நெகடிவ்தான் சிக்கல்: எடுத்தவர் இறந்து 70 ஆண்டு, எடுத்தவர் யாரென்று தெரியாவிட்டால் எடுத்ததிலிருந்து 120 ஆண்டு. அதாவது பழைய பத்திரிகைப் படத்தை விட, அலமாரியில் கிடந்த பிறந்தநாள் படத்துக்கு உரிமை நீளம். கொடையாளரிடம் கையெழுத்து வாங்கும்போது ‘படங்களைத் தருகிறேன்’ என்பதோடு ‘எனக்குள்ள காப்புரிமையையும் தருகிறேன்’ என்ற வரி தனியாக இருக்கட்டும்.

#21 · வெள்ளிஉப்பு

ஒரு படத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். 4×5 நெகடிவ், பள்ளி மாணவர்கள் நான்கு வரிசை, பின்னால் சிறிய ஸ்பானிய மாதிரிக் கட்டடத்தின் ஒரு மூலை, அதற்கும் பின்னால் மலை. எழுத்து ஒன்றுமே இல்லை. வெஸ்ட்சைடின் 1923 பள்ளிக் கட்டடமா என்று பார்த்தால் மலையின் வடிவம் எந்தப் பக்கமும் பொருந்தவில்லை.

#22 · அசிட்டேட்

எழுத்து இல்லாத படம் என்றால் முதலில் கவிழ்ந்திருக்கிறதா பாருங்கள். நெகடிவை நிமிர்த்திப் பிடித்து, வெட்டுக் குறி மேல் வலது மூலையில் வரும்படி வைத்தால் எமல்ஷன், அதாவது மங்கலான பக்கம், உங்களைப் பார்க்கும். ஸ்கேன் செய்தபோது பளபளப்புப் பக்கம் எந்தப் பக்கம் இருந்தது?

பையன்களின் சட்டைப் பொத்தானையும் பாருங்கள். ஆண் சட்டையில் அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வரும்.

#23 · வெள்ளிஉப்பு

முன்வரிசையில் ஒன்பது பையன்கள், ஒன்பது பேருக்கும் வலப்பக்கத் துணி மேலே. நெகடிவைத் திருப்பி மறுபடி ஸ்கேன் செய்தேன். மலை இப்போது கிழக்கே இருக்கும் ஃபிரெஞ்ச்மேன் மலையோடு பொருந்துகிறது. கட்டட மூலை வலப்பக்கம் வந்துவிட்டது. முதல் ஸ்கேனை அழிக்கவில்லை, ‘கவிழ்ந்தது, பயன்படுத்த வேண்டாம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.

#24 · டிஃப்_மணி

அதே ஹோல்டரில் அன்றைக்கு வைத்த மற்ற நெகடிவ்களையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று கவிழ்ந்திருந்தால் அந்தத் தட்டு முழுக்கக் கவிழ்ந்திருக்கும்.